பதினேழாவது குழியில் தேவானை

தேவானை சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அவள் கோபம் கொஞ்சம் அதிகம்தான் என்று நீங்கள் சிலர் நினைத்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த மனுஷன், தான் தோற்றுப்போனதைக்கூட மனைவியிடம் சொல்லவில்லை என்றால் அவளுக்கு வலிக்காதா?

புதிதாகப் படிப்பவர்களுக்கு நாலு வரி. கங்காதரன் ஒரு கோல்ஃப் கிளப்பில் இருபத்தெட்டு வருஷமாகப் பை தூக்குகிறவர். ஆடுகிறவருக்குப் பின்னால் பையோடு நடந்து, தூரத்தையும் காற்றையும் பார்த்து, "இந்த ஸ்டிக்கை எடுங்க சார்" என்று சொல்லிக் கொடுக்கும் வேலை. அங்கே இவர்களைக் கேடி என்பார்கள். இப்போது கங்காதரனின் முட்டி தேய்ந்துவிட்டது. இனிமேல் பாரம் தூக்கினால் நடக்கிறதே கஷ்டமாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதே கிளப்பில் உதவிப் பயிற்சியாளர் வேலை ஒன்று காலியாக இருக்கிறது. நிழலில் நின்று சொல்லிக்கொடுக்கிற மாதச் சம்பள வேலை. பதினெட்டுக் குழிகளிலும் பந்தைப் போட்டு, ஆட்டத்தை மொத்தம் எழுபத்தொன்பது அடிகளுக்குள் முடித்துக் காட்ட வேண்டும், வயது ஐம்பதைத் தாண்டியிருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. ஏப்ரலில் நடந்த தேர்வில் கங்காதரன் எண்பத்திரண்டு அடித்துத் தோற்றார். வீட்டுக்கு வந்து, தேர்வே நடக்கவில்லை என்று கதை விட்டார். போன வாரம், பீரோ அடியில் கிடந்து துவைக்க எடுத்த பேன்ட்டின் பையிலிருந்து மகள் பூஜா எண்பத்திரண்டு என்று எழுதிய தேர்வு அட்டையை எடுத்தபோது குட்டு வெளிப்பட்டது.

அடுத்த மாதம் அவருக்கு ஐம்பது முடிகிறது. ஆக, மறுதேர்வு நடக்கும் இந்தத் திங்கட்கிழமையை விட்டால் வேறு திங்கட்கிழமை கிடையாது.

திங்கட்கிழமை காலையில் கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் ஒரு வீட்டுக் கதவும் சும்மா இருக்கவில்லை. ஆடி மாதத்து மேற்குக் காற்று விடிந்ததிலிருந்து எல்லாவற்றையும் அறைந்துகொண்டிருந்தது. கங்காதரன் ஷூவுக்குக் கயிறு கட்டிவிட்டு நிமிர்ந்தார். தேவானை பூஜாவின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, காலில் மகளுடைய கேன்வாஸ் ஷூவோடு வாசலில் நின்றாள். தான் பட்டன் காஜா எடுக்கும் தையல் கடைக்கு லீவு சொல்லியாகிவிட்டதாம். இன்றைக்கு அவருக்குப் பை தூக்கப் போவது அவள்தானாம்.

"அங்க உனக்கு இன்னாமே தெரியும்?" என்றார் கங்காதரன்.

"ஒண்ணும் தெரியாது. நீ எத்தினி அடி அடிக்கிறன்னு எண்ணத் தெரியும். இந்த வாட்டி வூட்டுக்கு வந்து கத வுட முடியாது பாரு."

இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள்.

கிளப்பில் தேர்வு நடத்த மதுவந்தி என்ற பெண் வந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தொப்பியை ஒரு கையாலும் காகிதங்களை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு, காற்றைப் பற்றிக் குறை சொன்னால் காது கேட்காது என்ற முகத்தோடு இருந்தாள். கங்காதரனோடு சேர்ந்து ஆட வந்தவன் சாய்நாத், நங்கநல்லூர்ப் பையன், நல்ல தோள்பலம்.

இன்னொருவரும் வந்திருந்தார். துரைராஜ். ஓய்வு பெற்ற இன்ஜினியர், அறுபத்தெட்டு வயது, மனைவியை இழந்தவர். கங்காதரன் இருபத்திரண்டு வருஷமாக இவருடைய பையைத்தான் தூக்குகிறார். தேர்வுக்கு வைத்துக்கொள் என்று தன்னுடைய ஸ்டிக்குகளையே பையோடு கொடுத்திருந்தார். திங்கட்கிழமைகளில் மெம்பர்கள் ஆட முடியாது. அன்று மைதானம் கேடிகளுக்கு. ஆனாலும் வேடிக்கை பார்க்க அனுமதி வாங்கி, கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு, பேட்டரி வண்டியில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். தன் கேடி பாஸ் ஆகிவிட்டால் நாளை தனக்கு யார் பை தூக்குவார்கள் என்ற கவலையும் அந்த நல்ல மனிதருக்கு இருந்தது. இருக்கத்தானே செய்யும்!

பதினாலு ஸ்டிக், குடை, தண்ணீர், பந்துகள் எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு கிலோ. தேவானை தோளில் மாட்டிய இரண்டாவது நிமிஷமே பட்டை சதையை அறுத்தது. தோள் மாற்றிக்கொண்டு நடந்தாள்.

காற்றில் எப்படி ஆடுவது என்பது கங்காதரனுக்குத் தெரியாத விஷயமே இல்லை. எதிர்க்காற்றில் ஓங்கி அடிக்கக் கூடாது. ஓங்கினால் பந்து வேகமாகச் சுழன்று மேலே ஏறும். ஏறியதைக் காற்று அப்படியே பிடித்து நிறுத்திவிடும். தூரம் போகிற ஸ்டிக்கை எடுத்து, காலை அகட்டி நின்று, பாதி வீச்சில் தாழ்வாகத் தள்ள வேண்டும். இதை எத்தனையோ மெம்பர்களுக்கு எத்தனையோ ஆடி மாதங்களில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

அப்படிப்பட்டவருக்கு முதல் குழியிலேயே பந்து குழியைத் தாண்டி அந்தப் பக்கப் புதரில் போய் விழுந்தது. இரண்டாவதில் இடது பக்க மரக்கூட்டத்துக்குள். நாலாவதில் மறுபடியும் தாண்டியது. ஐந்தாவதில் மறுபடியும் இடது பக்கம்.

மொத்தம் எழுபது அடிகளில் முடிக்க வேண்டிய மைதானம் அது. எழுபத்தொன்பது வரை விடுகிறார்கள் என்றால் ஒன்பது அடி கூடுதலாகப் போகலாம் என்று அர்த்தம். ஆறாவது குழி முடிந்தபோது அந்த ஒன்பதில் ஏழு போய்விட்டது. இன்னும் பன்னிரண்டு குழிகள் இருந்தன. துரைராஜ் வண்டியிலிருந்து உச்சுக் கொட்டினார்.

ஏழாவது குழிக்கு நடக்கும்போது தேவானை வேப்பமரத்தடியில் பையை இறக்கி வைத்தாள்.

"யார்கூட பேசிக்கினே கீற?" என்றாள்.

யாரோடும் பேசவில்லை என்றார் கங்காதரன்.

"பேசுற. ஒவ்வொரு வாட்டியும் அடிக்கறதுக்கு முன்னாடி முணுமுணுன்னு. நாலு நம்பர் எடுங்க சார், கொஞ்சம் லெஃப்ட்ல பாருங்க சார், மெதுவா சார். யாருய்யா அந்த சாரு? ஆடறது நீதான?"

கங்காதரன் கையிலிருந்த துரைராஜின் ஸ்டிக்கைப் பார்த்தார்.

துரைராஜுக்கு வயதாகிவிட்டது, பந்து தூரம் போகாது. அவர் அடித்தால் எப்போதும் வலது பக்கம் வளையும். அதனால் அவருக்கு இரண்டு நம்பர் பெரிய ஸ்டிக்கைக் கொடுத்து (நம்பர் குறையக் குறைய ஸ்டிக் பெரிசு), இடது பக்கம் பார்க்கச் சொல்ல வேண்டும். காற்று வந்தால் இன்னும் ஒரு நம்பர் பெரிசு. இருபத்திரண்டு வருஷமாகக் காற்றைப் பார்த்ததும் கங்காதரன் வாயில் வருவது இந்தக் கணக்குத்தான். அவருடைய சொந்தப் பந்தோ நேராகப் போகும், துரைராஜின் பந்தைவிட நாற்பது கஜம் தள்ளிப் போய் விழும். காற்றைச் சரியாகத்தான் பார்த்திருந்தார். அடிக்கப் போகிற ஆளைத்தான் மறந்துவிட்டார்.

முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கண் கலங்கிவிட்டது. துரைராஜ் வண்டி பக்கத்தில் வருகிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குன்னு யோசிச்சு அடிச்சே பழக்கமில்ல தேவானை."

"சரி வுடு. இனிமே நான் கேக்கறேன், நீ சொல்லு. உனக்கு இன்னா வேணும்?"

அந்த மைதானத்தில் எத்தனையோ பேர் அவரைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் சரிவு, மழை வருமா. உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவர் கேட்டதில்லை. தன் மனைவியே அதைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்றும், தான் அவளைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்றும் அவருக்குத் தோன்றியது. வெட்கமாகவும் இருந்தது.

"ஆறாம் நம்பர் குடு" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை மைதானத்தில் புல் வெட்டுகிறவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் தேவானை கேட்பாள், அவர் பதில் சொல்வார், அவள் எண்ணைப் பார்த்து ஸ்டிக்கை உருவிக் கொடுப்பாள். பந்து முழங்கால் உயரத்தில் காற்றுக்கு அடியில் புகுந்து ஓடியது. பதினாலாவது குழியில் பக்கவாட்டுக் காற்று. கங்காதரன் குழியை விட்டுவிட்டு எங்கேயோ வலது பக்க மதிலைப் பார்த்து நின்றார். தேவானை மதிலையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தாள். அடித்த பந்து மதில் பக்கம் போய், காற்றுக்கு மனமிறங்கியதுபோல் வளைந்து வந்து குழிக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்தது. நங்கநல்லூர் சாய்நாத் பாவம், தோள்பலத்தை எல்லாம் காட்டிக் காட்டிப் பந்துகளை வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.

பத்துக் குழிகளில் ஒரே ஒரு அடிதான் கூடுதல். பதினாறாவது முடிந்தபோது ஒன்பதில் எட்டுப் போயிருந்தது. ஒன்று கையிருப்பு.

பதினேழாவது சின்னக் குழி. மூன்று அடியில் முடிக்க வேண்டியது. சுற்றிலும் மழுங்கச் சிரைத்த புல்தரை, அதற்குப் பின்னால் குளம். கங்காதரனின் முதல் அடி அழகாகப் புல்தரையில் ஏறியது. இரண்டாவதாக மெல்லத் தட்டியது குழியை உரசிக்கொண்டு இரண்டடி தாண்டி நின்றது. இன்னும் ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு பெருங்காற்று வந்தது. மதுவந்தியின் கையிலிருந்த காகிதங்கள் பறந்தன. அவள் அவற்றைத் துரத்திக்கொண்டு ஓடினாள். சாய்நாத் குளத்தோரம் குனிந்து தன் பந்தைத் தேடிக்கொண்டிருந்தான். நின்றிருந்த கங்காதரனின் பந்து அசைந்தது. அசைந்தது நகர்ந்தது, நகர்ந்தது குளத்துப் பக்கச் சரிவில் உருள ஆரம்பித்தது.

அந்தப் பக்கம் நாலடி தள்ளி, தேவானை பையோடு நின்றிருந்தாள். மேசையிலிருந்து உருண்ட எலுமிச்சம்பழத்தைத் தடுக்கிற மாதிரி, கேன்வாஸ் ஷூவை நீட்டிப் பந்தை நிறுத்திவிட்டாள். நிறுத்திவிட்டு, நல்லவேளை, தண்ணிக்குப் போயிருக்கும் என்று சொல்லிப் புருஷனைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு சிரித்தாள்.

காற்று உருட்டிய பந்துக்குத் தண்டனை கிடையாது. ஓடுகிற பந்தை ஆடுகிறவரோ, அவருடைய கேடியோ வேண்டுமென்று நிறுத்தினால் இரண்டு அடி தண்டம். கோல்ஃபில் இது பாலபாடம். கங்காதரனுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். தேவானைக்கு எப்படித் தெரியும்?

கங்காதரன் சுற்றிலும் பார்த்தார். மதுவந்தி கடைசிக் காகிதத்தை மிதித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். துரைராஜ் கூலிங் கிளாஸோடு வண்டியில் இருந்தார். எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்ல முடியவில்லை. கங்காதரன் வாயைத் திறக்கவில்லை. பந்தைத் தட்டிக் குழிக்குள் போட்டார். மதுவந்தி மூச்சு வாங்க வந்து, மூன்றா என்று கேட்டாள். அவர் தலையை அசைத்தார்.

தேவானையை நோகடிக்க வேண்டாமே என்றுதான் பேசாமல் இருந்தோம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அது பாதி உண்மை. மீதிப் பாதி அந்த வேலை.

பதினெட்டாவது குழிக்கு நடக்கும்போது அவர் மனசு வேறொரு கணக்குப் போட்டது. கடைசிக் குழி நாலு அடிக் குழி. அதை மூன்றில் முடித்துவிட்டால், தண்டம் இரண்டைச் சேர்த்தாலும் சரியாக எழுபத்தொன்பது வரும். அப்புறம் தாராளமாக உண்மையைச் சொல்லலாம். வேலையும் இருக்கும், யாருக்கும் வலிக்காது. நாமெல்லாரும் போடுகிற கணக்குத்தானே இது!

ஆனால் பதினெட்டு நேர் எதிர்க்காற்று. முட்டி விண்விண்ணென்று தெறித்தது.

தேவானை கேட்டாள், உனக்கு இன்னா வேணும்? அவர் சொன்னார். முதல் அடி தாழ்வாகப் பாய்ந்து மைதானத்தின் நடுவில் ஓடியது. அவள் மறுபடியும் கேட்டாள். இரண்டாவது அடி அவர் வாழ்க்கையிலேயே அடித்த நல்ல அடி. காற்றைக் கிழித்துக்கொண்டு போய்க் குழிக்கு ஏழடியில் நின்றது. துரைராஜ் வண்டியை விட்டு இறங்கிக் கை தட்டினார்.

ஏழடி. இது விழுந்தால் மூன்று.

கங்காதரன் இவ்வளவு நேரம் ஒரு தட்டுக்கும் யோசித்ததில்லை. காற்று ஒரு நொடி அடங்கியது. தட்டினார். பந்து நேராகப் போனது, குழியின் விளிம்பில் ஏறியது, எட்டிப் பார்த்தது, நின்றது.

பத்து நொடி காத்திருக்கலாம் என்று விதி. காத்திருந்தார். காலையிலிருந்து எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டிருந்த காற்று அந்தப் பத்து நொடி ஒன்றையும் தள்ளவில்லை. நாலாவது அடியாக அதை உள்ளே தட்டிவிட்டார்.

"எழுபத்தெட்டு" என்றாள் தேவானை. விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தவள் அல்லவா! "யோவ், பாஸுய்யா. ஒண்ணு மிச்சமே கீது."

அவர் கையைப் பிடித்து உலுக்கினாள். நாலு நாளாக முகம் கொடுத்துப் பேசாதவள், அத்தனை பேருக்கு முன்னால் அவர் தோளில் சாய்ந்து அழுதாள்.

கணக்கு எழுதும் மேசை கிளப் வராந்தாவில் இருந்தது. மதுவந்தி அட்டையை நீட்டி, சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னாள். பையைக்கூட இறக்காமல் தேவானை நாலடி தள்ளி நின்று, அசோக் நகர் மருந்துக் கடையில் வேலையில் இருந்த பூஜாவுக்குப் போன் போட்டாள். நைனா ஜெயிச்சிட்டாரு, சாயங்காலம் வரும்போது அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கியா என்று அவள் சொன்னது இவருக்குக் கேட்டது.

கங்காதரன் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அட்டையில் பதினேழுக்கு நேராக மூன்று என்று இருந்தது. கையெழுத்துப் போட்டால் அடுத்த திங்கட்கிழமை வேலை. தேவானைக்குத் தெரியவே தெரியாது. ஆனால் இனி அந்தச் சம்பளத்தில் வாங்குகிற அரிசியை அவள் வடிக்கும்போதெல்லாம் இவருக்குத் தெரியும். ஒரு பொய்யை ஒளித்து வைத்து மூன்று மாதம் அவர் பட்ட பாடு அவருக்குத்தானே தெரியும்? முட்டி வலியே தேவலை.

"மேடம், பதினேழுல ரெண்டு சேத்துக்கங்க" என்றார்.

மதுவந்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓடின பந்தை எங்க ஆளு காலால நிறுத்திட்டாங்க. நான் பாத்தேன். அப்பவே சொல்லியிருக்கணும்."

தேவானை போனைக் காதிலிருந்து எடுத்தாள். அதற்குள்ளிருந்து பூஜாவின் குரல் அம்மா அம்மா என்று கேட்டுக்கொண்டிருந்தது. மேசைக்கு வந்தவள், நிறுத்தியது நான், அவருக்கு எதற்கு இரண்டு அடி என்று மதுவந்தியைக் கேட்டாள். கேடி செய்தால் ஆடுகிறவர் செய்த மாதிரிதான் என்று மதுவந்தி சொன்னாள். அதைச் சொல்ல அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

"அப்ப மொத்தம் எண்பதா?"

"எண்பதும்மா."

தேவானை போனைக் காதில் வைத்து, மைசூர்பாகு வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். புருஷனைப் பார்த்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு பேனாவைப் பார்த்தார்.

"தண்ணிக்குப் போவுதேன்னு கால வச்சேன்" என்றாள் மெதுவாக.

"தெரியும்."

"சொல்லாமயே இருந்திருக்கலாமே நீ."

"இருந்து பாத்துட்டேனே தேவானை. முடியல."

அவள் அவர் தலைமேல் ஒட்டியிருந்த காய்ந்த இலை ஒன்றை எடுத்துப் போட்டாள். அவ்வளவுதான். எனக்கென்னவோ, அந்தத் திங்கட்கிழமை அவருக்குக் கிடைத்ததில் அதுதான் பெரிசு என்று தோன்றுகிறது.

மதுவந்தி மூன்றை அடித்து ஐந்து என்று திருத்தினாள். கங்காதரன் கையெழுத்துப் போட்டார். அவள் அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் நாலைந்து வரி எழுதினாள். மற்ற அட்டைகளோடு சேர்க்காமல் தனியாகத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். என்ன எழுதினாள் என்று கேட்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை.

துரைராஜ் வந்து கங்காதரனின் முதுகில் தட்டினார். அந்தப் பந்து விஷயத்தில் அவருக்கு ஆச்சரியம் ஏதும் இருந்த மாதிரி தெரியவில்லை. அவர் குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்கு அடியில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அது தெரிந்து அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும், கூலிங் கிளாஸைக் கழற்றவில்லை.

"விடு கங்கா. எது எப்படியோ, நம்ம ஆட்டம் இருக்கு. நாளைக்கு ஆறே காலுக்கு வந்துடு."

கங்காதரன் இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் சரி சார் என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் தேவானை தோளிலிருந்து பையைக் கழற்றினாள். பட்டை பதிந்த இடத்தில் சுடிதார் வேர்வையில் ஒட்டியிருந்தது. கழுத்தோரம் தோல் வழன்று சிவந்திருந்தது. பையைக் கொண்டுபோய் அவருடைய வண்டியின் இருக்கையில் பத்திரமாகச் சாய்த்து வைத்தாள்.

"நாளைக்கு இவரு வர மாட்டாரு சார்" என்றாள்.

துரைராஜ் திகைத்துப்போய், கோபமாம்மா என்று கேட்டார்.

"கோவம் இல்ல சார். இன்னிக்கு ஒரு நாள் இத நான் தூக்கினேன். இனிமே இவர தூக்க வுட மாட்டேன்."

கங்காதரனுக்கே அது அப்போதுதான் தெரியும். நாளைக்குக் காலையில் எழுந்து எங்கே போவது, வீட்டில் அடுப்பு எப்படி எரியும், எதுவும் தெரியாது. துரைராஜைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். தேவானை கேட் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தாள். தோளில் ஒன்றுமில்லாமல் நடந்து பழக்கமில்லாததால், காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து அவர் அவள் பின்னால் போனார்.